மாணாக்கர் மனமறிந்த மகாவித்துவான்

மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் பெயரைக் கேட்டவுடன் நம் புலவருலகம் அவர் பாடிய நூல்களை எண்ணத் தொடங்கிவிடும். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள், பத்துப் பிள்ளைத்தமிழ்கள், அந்தாதிகள், உலா, கோவைகள், கலம்பகங்கள் என்று அந்தக் கணக்கு நீண்டுகொண்டே போகும். எழுதுவோர் கை சலிக்க, அவர் நாவிலிருந்து செய்யுள் பெருகிய வேகமும் வியந்து பேசப்படும். அவற்றை ஈண்டு நான் விரித்துரைக்கப் போவதில்லை. உள்ளதைச் சொன்னால், அவருடைய தலபுராணங்களை இன்று எடுத்துப் படிப்போர் மிகச் சிலரே. அவர் தம் மாணாக்கரை நடத்திய முறையோ இன்னும் பழமை எய்தவில்லை. பாடத்தை எங்கே தொடங்குவது என்று எண்ணுமுன், வந்திருக்கும் பிள்ளை எங்கே உண்பான், எங்கே உறங்குவான் என்று எண்ணிய ஆசிரியர் அவர். அந்த ஒரு குணத்தை வைத்தே அவர் வாழ்க்கையை நான் சொல்ல விரும்புகின்றேன்.

எஹலியகொட நகருக்கு அருகே, இறப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியன் நான். காவிரிக் கரையில் மடத்து நிழலில் வாழ்ந்த ஒரு வித்துவானுக்கும் சப்பிரகமுவ மலைச்சரிவில் லயங்களில் வாழும் சிறுவர்களுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. பிள்ளையவர்கள் பிறந்த 1815 ஆம் ஆண்டிலேதான் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. அவர் வாழ்ந்த காலத்திலேதான் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, சேலம் ஆகிய சீமைகளின் ஏழை மக்கள் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கு நடந்ததும் அக்காலத்திலேதான். அவர் மறைந்த 1876 ஆம் ஆண்டிலே இறப்பர்க் கன்றுகள் முதன்முதலாக இத்தீவின் ஹெனரத்கொடத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. என் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் முன்னோர் பலர், பிள்ளையவர்கள் பாடஞ் சொன்ன ஊர்களுக்கு அயலூர்களிலிருந்து புறப்பட்டவர்களே. அவ்வூர்களில் ஒரு சாரார்க்குக் கிடைத்த ஆசிரியரின் வரலாற்றை, அது கிட்டாமல் கப்பலேறியவர்களின் பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் அறிந்திருப்பது தகும் என்பது என் எண்ணம்.

பிள்ளையவர்கள் 1815 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6 ஆம் நாள், திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள எண்ணெயூரில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை மதுரையிலிருந்து வந்தவர். ஆதலால் மகனுக்கு மதுரைப் பெருமானின் திருநாமத்தையே சூட்டினார். திண்ணைப் பள்ளிக்கூடம் வைத்து ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்து வாழ்ந்த குடும்பம் அது. ஊரார் விரும்பிக் கொடுப்பதே வருவாய். தந்தையாரிடமே நிகண்டும் சதகங்களும் அந்தாதிகளும் கற்ற சிறுவர், பதினைந்தாம் பிராயத்தில் அவரை இழந்தார். குடும்பச் சுமை தலைமேல் வந்து விழுந்தது. படிப்பை அவர் விட்டுவிடவில்லை. பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலேயே குடியேறி, நூல் எவரிடம் இருக்கிறதோ, பொருள் எவருக்குத் தெரியுமோ, அவரைத் தேடித் தேடிப் போய்க் கற்றார். மலைக்கோட்டையை அடுத்த மௌன மடத்தில் தங்கியிருந்த வேலாயுத முனிவரிடமும், பின்னர்ச் சென்னைக்குச் சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடமும் அவர் பாடங் கேட்டதைப் பலரும் அறிவர்.

அவர் தண்டியலங்காரம் கற்ற கதையை அத்துணைப் பேர் அறியார். திருச்சிராப்பள்ளித் தெருக்களில் பிச்சையேற்றுத் திரிந்த பரதேசி ஒருவர் அந்நூலில் வல்லவர் என்று பிள்ளையவர்கள் கேள்வியுற்றார். அப்பரதேசியோ எளிதில் வாய் திறப்பவர் அல்லர். அவர் பிச்சைக்குப் போகும் தெருவெல்லாம் பிள்ளையவர்கள் பின்தொடர்ந்தார். அவர் விரும்பிய கஞ்சாவையும் தேடி வாங்கிக் கொடுத்தார். அவருடைய மனம் இளகி இருக்கும் பொழுது பார்த்து, சிறிது சிறிதாக அந்நூலைக் கேட்டு முடித்தார்.

இக்கதையைச் சொல்வோர் மாணவரின் பொறுமையைப் புகழ்வதோடு நின்றுவிடுவர். எனக்கோ அதில் வேறொன்றும் தோன்றுகின்றது. கல்வியை ஒருவன் எவ்வளவு தாழ்ந்து நின்று பெற வேண்டியிருந்தது என்பதைப் பிள்ளையவர்கள் தம் உடம்பால் அறிந்திருந்தார். அப்படி அறிந்தவர்களில் இருவகை உண்டு. நான் பட்டதை நீயும் படு என்பார் ஒரு சாரார். நான் பட்டது போதும், நீ உட்கார் என்பார் மறுசாரார். ஆசிரியர் கூட்டங்களில் முதல் வகையினரின் குரலையே நான் மிகுதியாகக் கேட்டிருக்கிறேன். பிள்ளையவர்கள் இரண்டாம் வகையினர்.

திருச்சிராப்பள்ளியில் இருந்த காலத்திலேயே அவரை நாடி மாணாக்கர் வரத் தொடங்கினர். பூவாளூர்த் தியாகராச செட்டியார் அங்கே வந்து சேர்ந்தவர். நாகூரிலிருந்து குலாம் காதிறு நாவலர் வந்தார். புதுவையிலிருந்து சவராயலு நாயகர் வந்தார். ஒருவர் இஸ்லாமியர், மற்றவர் கிறிஸ்தவர். சைவ மடத்தின் வித்துவானாக விளங்கியவர், மதத்தைப் பார்த்துப் பாடத்தைக் குறைத்தார் இல்லை. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, கிறிஸ்தவராயினும் அவருக்கு உயிர்த்தோழர். அவர்மீது பிள்ளையவர்கள் குளத்தூர்க் கோவை என்னும் நூலையே பாடினார்.

ஆனால் ஒன்றை மறைத்தல் ஆகாது. அந்நூற்றாண்டில் தமிழ் படிக்கும் திண்ணைகளுக்கு எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஏற இயலவில்லை. மதம் தடையாகாத இடத்திலும் சாதி தடையாக நின்றது. வயலில் பண்ணையாட்களாய் உழைத்தோரின் பிள்ளைகள் அத்திண்ணைகளின் அருகே வரவும் இடமில்லை. அவர்களுள் பலரே கங்காணியின் பின்னால் இத்தீவுக்கு நடந்தவர்கள். பிள்ளையவர்களின் அன்பு பெரிது. அவர் காலம் வரைந்த கோட்டுக்குள் நின்றே அது பெருகியது. அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவர்களின் வழித்தோன்றல்களுக்குக் கற்பிக்கும் நாம், அவரிடம் கொள்ள வேண்டியதைக் கொள்ளலாம். கோட்டைக் கொள்ள வேண்டியதில்லை.

1860 ஆம் ஆண்டளவில் பிள்ளையவர்கள் மாயூரத்தில் குடியேறினார். திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு மகாவித்துவான் என்னும் பட்டம் அளித்து, ஆதரவும் நல்கியது. மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் அவர்மேல் வைத்த பேரன்பால், மடத்துத் தம்பிரான்களுக்கும் வெளியிலிருந்து வந்த மாணாக்கருக்கும் அவர் பாடஞ் சொன்னார். அங்கேதான் அவர் வாழ்வின் கடைசி ஐந்தாண்டுகளில், உத்தமதானபுரத்துச் சாமிநாதையர் வந்து சேர்ந்தார். நாம் பிள்ளையவர்களை இவ்வளவு அணுக்கமாக அறிவதற்குக் காரணமே அம்மாணாக்கர்தான். ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதி 1933, 1934 ஆம் ஆண்டுகளில் ஐயரவர்கள் வெளியிட்டார். தம் சொந்த வரலாற்றை எழுதப் புகுந்தபோதும், அதன் நடுப்பகுதியை ஆசிரியருக்கே கொடுத்துவிட்டார்.

ஐயரவர்கள் பிள்ளையவர்களிடம் வந்த வழியிலேயே நாம் போற்றத்தக்க மற்றோர் ஆசிரியர் நிற்கிறார். செங்கணம் என்னும் சிற்றூரில் இருந்த விருத்தாசல ரெட்டியார் அவர். ஐயரவர்களுக்கு யாப்பிலக்கணம் முதலியவற்றைச் சொல்லிக் கொடுத்தவர். சிறுவரின் வேட்கை தம்மால் நிறைவிக்கக் கூடிய அளவைக் கடந்தது என்று கண்டதும், தாமே முன்வந்து, மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி தந்தையாருக்குக் கூறினார். நல்ல மாணவனைத் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பாத ஆசிரியர் யார்? இந்த வட்டாரத்தில் உயர்தர வகுப்பு இல்லாத தமிழ்ப் பாடசாலையில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால், அதைத் தக்க இடத்துக்கு அனுப்பி வைப்பதும் கற்பித்தலே. ரெட்டியார் பெரிய நூலொன்றும் எழுதி நமக்கு விட்டுச் செல்லவில்லை. இந்த ஒரு சொல்லுக்காகவே அவரை நான் வணங்குகின்றேன்.

1871 ஆம் ஆண்டில் தந்தையும் மகனும் மாயூரத்துக்கு வந்தார்கள். ஐயரவர்களுக்கு அப்பொழுது பதினேழாம் பிராயம். பிள்ளையவர்கள் சிறுவரைப் பாடல் சொல்லச் செய்து கேட்டார். நைடதத்திலிருந்து ஒரு செய்யுளை அவர் இசையோடு சொன்னார். ஆசிரியருக்கு மனம் நிறைந்தது. ஆயினும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பலர் வந்து சில நாள் படித்துவிட்டு, ஊருக்குப் போய் வருகிறோம் என்று சொல்லிப் போனவர்கள் திரும்பவே இல்லையென்று அவர் வருத்தத்தோடு கூறினார். அதன்பின் அவர் எழுப்பிய வினா உணவைப் பற்றியது. அக்கால வழக்கப்படி அந்தணச் சிறுவர் அவர் வீட்டில் உண்ண இயலாது. திருவாவடுதுறையிலோ பட்டீச்சுரத்திலோ இருக்கும்போது ஏற்பாடு செய்துவிடலாம், மாயூரத்தில் அதற்கு வழி வேண்டுமே என்பது அவர் கவலை. தந்தையார் மாயூரத்து உணவுச் செலவைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே பேச்சு முடிந்தது.

தியாகராச செட்டியார் முதல் சாமிநாதையர் வரை அவரிடம் படித்தோர் பலருக்கும் உண்டியும் உடையும் அவர் கவலைகளாகவே இருந்தன. நூற்பொருளும் உணவும் அவருக்கு இருவேறு விஷயங்கள் அல்ல. பசித்தவன் காதில் யாப்பிலக்கணம் ஏறாது என்பதை அவர் கோட்பாடாகச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எண்ணெயூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியரின் மகனுக்கு அது தானே தெரிந்திருந்தது.

இவ்விடத்தில் என் வட்டாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரத்தினபுரி மாவட்டத்து மழையைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த மழை பிள்ளையின் வயிற்றோடு எப்படித் தொடர்புடையது என்பது அதில் இல்லை. மழை பெய்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்தோடிவிடும், சிரட்டையில் விழாது. பால் வெட்டு இல்லாத நாளில் பல வீடுகளில் கூலியும் இல்லை, அல்லது குறைவு. தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் இத்தகைய நாட்கள் அடுத்தடுத்து வரும். ஆகையால் வைகாசி, ஆனி மாதங்களில் ஒரு பிள்ளை கணக்கில் பின்தங்கினால், அதன் காரணத்தைக் கணக்கில் மட்டும் தேடிப் பயனில்லை. விடியற்காலையில் தாய் மலைக்குப் போனபின், தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பாடசாலைக்கு ஓடிவரும் சிறுமி முதற் பாடத்துக்குத் தாமதமாகத்தான் வருவாள். அவளைத் தாமதத்துக்காக வெளியே நிறுத்தும் ஆசிரியர், அவள் ஏற்கெனவே ஒரு வேலையை முடித்துவிட்டு வருகிறாள் என்பதை அறியார். வீடு வரை நடந்துபோய்ப் பார்த்தாலன்றி இது புலப்படாது. நான் தவணைக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு லயத்துக்கும் போய் வருவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். பாடத்திட்டத்தில் எங்கும் எழுதப்படாத பல விஷயங்கள் அங்கே தெரியவரும்.

மீண்டும் மாயூரத்துக்கு வருவோம். சேர்ந்த புதிதில் ஆசிரியர் மாணாக்கரின் பெயரை விசாரித்தார். வேங்கடராமன் என்று சொன்னார் ஐயரவர்கள். வேறு பெயர் உண்டோ என்று மேலும் வினவினார். வீட்டில் சாமிநாதன் என்று அழைப்பதுண்டு என்றதும், அதையே வைத்துக்கொள்ளும்படி கூறினார். அன்று முதல் தமிழுலகுக்கு அவர் சாமிநாதர் ஆனார். மாணவனின் பெயரை ஆசிரியர் மாற்றுவதை இன்று நாம் ஒப்பமாட்டோம், ஒப்பவும் கூடாது. ஆயினும் புதிதாக ஒரு பெயரை அவர் சூட்டிவிடவில்லை. வீட்டார் அன்போடு அழைத்த பெயரையே கேட்டறிந்து எடுத்துக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். தோட்டப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இரண்டு பெயர் உண்டு. பதிவேட்டில் உள்ளது ஒன்று, லயத்தில் வழங்குவது மற்றொன்று. பதிவேட்டுப் பெயர், தமிழறியாத ஒருவர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டு உருக்குலைந்தும் இருக்கும். இரண்டையும் தெரிந்து வைத்திருக்கும் ஆசிரியரிடம் பிள்ளை சற்று நெருங்கி நிற்கிறது.

தொடக்கத்தில் பிள்ளையவர்கள் ஐயரவர்களுக்குத் தாமே பாடஞ் சொல்லவில்லை. தம்முடன் இருந்த சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணாக்கரிடம் நைடதம் கேட்கும்படி விட்டார். ஐயரவர்களுக்கு அது போதவில்லை. ஆசிரியர் வாயாலேயே கேட்க வேண்டும் என்ற ஏக்கம் அவரை வாட்டியது. அதை எப்படிச் சொல்வது? அப்பொழுது அவர் ஒன்றைக் கவனித்தார். பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில், வளர்ந்த மரங்களையே வேரோடு கொணர்வித்து நட்டிருந்தார். அவை தழைக்கின்றனவா என்று காலையிலும் மாலையிலும் போய்ப் பார்ப்பார். புதிய தளிர் ஒன்றைக் கண்டால் அவர் முகம் மலரும். ஐயரவர்கள் விடியலுக்கு முன்னே எழுந்து, ஒவ்வொரு மரமாகச் சுற்றிப் பார்த்து, எந்தக் கிளையில் எத்தளிர் விட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஆசிரியர் வந்தவுடன் காட்டத் தொடங்கினார். நாளுக்கு நாள் ஆசிரியர் அவர்பால் நெருங்கினார். ஒருநாள் ஐயரவர்கள் தம் விருப்பத்தை வெளியிட்டார். பிள்ளையவர்களும் மகிழ்ந்து தாமே பாடஞ் சொல்லத் தொடங்கினார்.

இந்தத் தளிர்க் கதையை மாணவரின் சாமர்த்தியத்துக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் சொல்வது வழக்கம். எனக்கு அது சிறிது துயரத்தையும் தருகின்றது. ஆசிரியரின் விருப்பம் இன்னதென்று மாணவர் கண்டுபிடித்தார். மாணவரின் விருப்பம் இன்னதென்று ஆசிரியர் அதுவரை கண்டிருக்கவில்லை. அத்தனை அன்புடைய ஆசிரியரிடத்தும் இப்படி நேர்ந்தது. நம் வகுப்புகளில் நாள்தோறும் நேர்வதும் இதுவே. ஆசிரியருக்கு எது பிடிக்கும் என்பது முப்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். அந்த முப்பது பேருக்கும் எது பிடிக்கும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திராது. எஹலியகொட வட்டாரத்தில் மாணிக்கக் குழிகளில் வேலை செய்வோரின் பிள்ளைகள் உண்டு. கல்லின் நிறத்தையும் நிறையையும் பற்றி அவர்கள் பேசத் தொடங்கினால், விஞ்ஞான பாடத்தில் வாய் திறவாதவனும் விரிவுரையாளனாகிவிடுவான். கோணம் என்றால் விளங்காமல் விழித்த சிறுவனிடம், அவன் தகப்பன் மரத்தில் பால் வெட்டும் கோட்டின் சாய்வை வரையச் சொன்னேன். அது கிடையிலிருந்து ஏறத்தாழ முப்பது பாகை சரிவது. அவன் அளவுகோல் இல்லாமலே சரியாக வரைந்தான். அதன்பின் கோணமானி அவனுக்கு அந்நியப் பொருளாக இருக்கவில்லை.

பிள்ளையவர்களின் வாழ்க்கையில் நான் ஒப்ப இயலாத நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. ஐயரவர்களின் தந்தையார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். மகனுக்கும் சங்கீதம் வரவேண்டும் என்பது அவர் ஆசை. மாயூரத்தில் அப்பொழுது நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்து வந்தார். தந்தையாரின் விருப்பப்படி ஐயரவர்கள் ஓய்வு நேரத்தில் அவரிடம் சென்று இசை பயின்றார். ஆசிரியருக்கு இது தெரியாது. பாரதியாரே ஒருநாள் பேச்சின் இடையே தெரிவித்துவிட்டார். பிள்ளையவர்களுக்கு உள்ளம் கசந்தது. இசையில் நாட்டம் போனால் இலக்கண இலக்கியத்தில் அறிவு செல்லாது என்று அவர் கருதினார். ஐயரவர்கள் அன்றோடு இசைப்பயிற்சியை விட்டுவிட்டார்.

குறை சொல்வது எளிது. அவர் கருத்துக்கும் காரணம் உண்டு. பாதியில் விட்டுப்போன மாணாக்கர் பலரைக் கண்டு நொந்தவர், இவரும் நழுவிவிடுவாரோ என்று அஞ்சியிருக்கலாம். எனினும் முதல் நாளில் அவரை மகிழ்வித்தது எது? நைடதச் செய்யுளை அச்சிறுவர் இசையோடு சொன்ன முறையன்றோ? பின்னாளில் திருவாவடுதுறைச் சபையில் ஐயரவர்கள் செய்யுட்களை இராகத்தோடு படித்தபோது சுப்பிரமணிய தேசிகர் கேட்டு மகிழ்ந்தார். ஆசிரியர் வேண்டாமென்று ஒதுக்கிய அதே திறன் ஆசிரியரின் பாடல்களுக்கே அழகு செய்தது. மாணவனுக்கு உள்ள இரண்டாவது ஆசையை, முதல் ஆசைக்குப் பகையென்று நினைப்பது நல்லாசிரியர்களுக்கும் வரும் நோய். பந்தாட்டத்தையும், தோட்டத்துக் காமன் கூத்தையும், தப்பு அடிப்பதையும் படிப்பின் எதிரிகளாக எண்ணும் ஆசிரியர்கள் நம்மிடையே குறைவா? கூத்தில் நூற்றுக்கணக்கான அடிகளை மனனம் செய்து ஒப்பிக்கும் சிறுவனுக்கு நினைவாற்றல் இல்லையென்று அறிக்கையில் எழுதுவது விந்தையே.

இனி, பிள்ளையவர்களின் கொடைக்கு அவர் கொடுத்த விலையைச் சொல்ல வேண்டும். புராணம் அரங்கேற்றினால் பொருள் வரும். வந்த பொருள் மாணாக்கருக்கும் இரவலருக்கும் போய்விடும். போதாதபோது கடன் வாங்குவார். கடைசிக் காலம் வரை கடன் அவரை விடவில்லை. திருவாவடுதுறை மடம் மட்டும் மாணாக்கரின் உணவை ஏற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால், அவர் திண்ணை எப்பொழுதோ வெறிச்சோடிப் போயிருக்கும். ஆகையால் ஆசிரியர் ஒருவரின் நெஞ்சம் நல்லதாக இருந்தால் போதும் என்று சொல்வோருடன் நான் உடன்படேன். அவருக்குப் பின்னால் ஒரு மடைப்பள்ளி புகைந்துகொண்டிருக்க வேண்டும். 1970களின் பிற்பகுதியில் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்பில் வரத் தொடங்கியபின் நிலைமை பலவாறு திருந்தியது உண்மை. ஆனாலும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொப்பி வாங்கிக் கொடுக்கும் ஆசிரியரைப் புகழ்ந்து மாலை சூட்டிவிட்டு, கொப்பி ஏன் இல்லாமற் போயிற்று என்று கேளாமல் விடுவது நேர்மையன்று. பிள்ளையவர்களின் கடன் பத்திரங்களும் அவர் வரலாற்றின் ஒரு பகுதியே.

கடன் மாணாக்கரையும் விடவில்லை. ஐயரவர்களின் திருமணத்தால் குடும்பத்துக்கு ஏற்பட்ட கடன் வளர்ந்து நெருக்கியது. படிப்பை நிறுத்திவிட்டு, காரை என்னும் ஊரில் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்து பொருள் ஈட்டி, அதனைத் தீர்க்க வேண்டியதாயிற்று. பதினெட்டும் நிரம்பாத பையன் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று கேட்கும்போதெல்லாம் நான் அந்தக் காரைப் பிரசங்கத்தையே நினைத்துக்கொள்வேன். ஆசிரியரோ, ஊருக்குப் போய் வருகிறேன் என்று சொன்னவர்கள் திரும்பாமற் போனதைப் பலமுறை கண்டவர். இம்மாணாக்கர் திரும்பி வந்தார். பழைய இடம் அவருக்காக இருந்தது. போனதற்காக அவரைக் கடிந்து, பாடத்தை முதலிலிருந்து தொடங்கச் சொல்லவில்லை. இடையில் நின்றுபோன பிள்ளைகள் மீண்டும் படியேறி வர நாணுவதற்குப் பெரும்பாலும் வறுமை காரணமன்று. வாசலில் காத்திருக்கும் ஆசிரியரின் முகமே காரணம்.

1875 ஆம் ஆண்டின் இறுதியில் பிள்ளையவர்களின் உடல்நலம் குன்றியது. நோயிடையிலும் பாடம் நிற்கவில்லை. தமக்குப் பின் சாமிநாதையரைப் பாதுகாக்க வேண்டும் என்று சுப்பிரமணிய தேசிகரிடம் கேட்டுக்கொண்டார். தம் கடனையோ, தம் நூல்கள் அச்சேற வேண்டியதையோ முன்னே வைக்காமல், படிப்பு முடியாத ஒரு மாணாக்கரின் வருங்காலத்தை அவர் அவ்வேளையில் நினைத்தார். 1876 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 1 ஆம் நாள் திருவாவடுதுறையில் அவர் உயிர் பிரிந்தது. கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளையின் மார்பில் அவர் சாய்ந்திருந்தார். அந்தணராகிய சாமிநாதையர் அருகிலிருந்து திருவாசகத்து அடைக்கலப் பத்தை வாசித்தார்.

தேசிகர் வாக்கைக் காப்பாற்றினார். ஐயரவர்கள் மடத்திலேயே தங்கிப் படிப்பைத் தொடர்ந்தார். பிறருக்குப் பாடமும் சொன்னார். திருச்சிராப்பள்ளி நாட்களில் பிள்ளையவர்களிடம் படித்த தியாகராச செட்டியார் அப்பொழுது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். 1880 ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற விரும்பியபோது, அந்த இடத்தைத் தம் ஆசிரியரின் கடைசி மாணாக்கர்களுள் ஒருவராகிய சாமிநாதையருக்கே கிடைக்கச் செய்தார். மாதச் சம்பளம் 50 ரூபா. மாயூரத்தில் உணவுக்கு வழி என்ன என்று கேட்கப்பட்ட அந்தச் சிறுவருக்குத் தம் சொந்தக் கையால் கிடைத்த முதல் நிலையான உணவு அது. பிள்ளையவர்கள் மறைந்து அப்பொழுது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.